கடல் நின்ற ஏழு மாதங்கள்

சங்குமுனைக் கடல் முதல்முறையாக நின்றது தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஒன்பதரை மணி வாக்கில், கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது. அலை இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய ஏலக்காரர் வழக்கம்போல வாயைத் திறக்க, அவருடைய குரல் கோயில் கோபுரம் வரைக்கும் போய் முட்டித் திரும்பி வந்து அவரையே திடுக்கிட வைத்தது. எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். எழும்பிக்கொண்டிருந்த அலை மெல்ல உட்கார்ந்து, தாம்பாளத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரி கடல் தட்டையாகக் கிடந்தது. இருபது எண்ணுகிற நேரம் அப்படிக் கிடந்துவிட்டு, மறந்துபோனது ஞாபகம் வந்தாற்போல ஒரு பெரிய அலையைத் தூக்கிப் போட்டது. ஏலக்காரர் விட்ட இடத்திலிருந்து சீலா மீன் கூடையை மறுபடி ஏலம் கூற ஆரம்பித்தார். வெயில் அப்படி என்றார் ஒருவர். நீரோட்டம் என்றார் இன்னொருவர். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

அந்த நேரத்தில் கரையிலிருந்து மூன்றாவது வீட்டில் தெக்லா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் அவள் புருஷன் கஸ்பார் மல்லாக்கப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஐஸ் கம்பெனியில் ராத்திரி முழுக்க ஐஸ் பாளங்களை நொறுக்குகிற மிஷினுக்குள் தள்ளிவிட்டு, விடிந்து வீட்டுக்கு வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஊர் எழுந்து வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் படுக்கையில் விழுவது அவருக்குப் பதினாறு வருஷத்துப் பழக்கம். அவருடைய குறட்டை தெருமுனை வரைக்கும் கேட்கும். ஏறி ஏறிப் போய் உச்சியில் கயிறு அறுந்தாற்போல நின்றுவிடும். நெஞ்சுக்கூடு மட்டும் எழும்பித் தவிக்கும், காற்று உள்ளே போகாது. பிறகு தண்ணீருக்குள் முங்கியவன் மேலே வந்து வாயைத் திறக்கிற மாதிரி ஒரு பெரிய இழுப்போடு திரும்ப ஆரம்பிக்கும். இதைத் தெக்லா கொஞ்ச நாளாகவே கவனித்து வந்தாள். அன்றைக்குக் குறட்டை நின்றபோது கடலும் நின்றது. அவர் மூச்சை இழுத்தபோது கடலும் திரும்பி வந்தது. கீரைக் காம்பு கையில் இருக்க அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மறுபடி நின்றது, மறுபடி வந்தது. மத்தியானம் அவர் கண் விழிப்பதற்குள் முப்பது தடவைக்கு மேல் நின்று வந்துவிட்டது.

அவளுக்குக் கடல் நின்றது பெரிதாகப் படவில்லை. மூச்சு நின்றதற்குத்தான் அவள் பயந்தாள்.

மூன்று வாரம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கஸ்பார் படுத்ததும் பக்கத்தில் போய் உட்காருவாள். மூச்சு நின்றதும் எண்ணுவாள். பதினைந்தைத் தாண்டினால் தோளைப் பிடித்து ஒருக்களித்துத் திருப்பிவிடுவாள். ஒருக்களித்துப் படுத்தால் நிற்பது குறைந்தது. ஆனால் அவர் கனத்த ஆள், கொஞ்ச நேரத்தில் புரண்டு மறுபடி மல்லாந்துவிடுவார். எழுந்ததும் தலை வலிக்கிறது என்பார், நாக்கு காய்ந்துகிடக்கிறது என்பார், எட்டு மணி நேரம் தூங்கியும் தூங்கின மாதிரியே இல்லை என்று சோற்றுத்தட்டின் முன்னாலேயே கண்ணசந்துபோவார்.

அதை ஊருக்குத் தெரியப்படுத்தியது ஊர்க் கமிட்டித் தலைவர் தொம்மை. ஐஸ் வரத்து பற்றிக் கஸ்பாரிடம் கேட்பதற்காகக் காலையில் வீட்டுக்கு வந்தவர், வாசலில் நின்று, உள்ளே குறட்டை நிற்பதையும் முதுகுக்குப் பின்னால் கடல் நிற்பதையும் ஒன்றாகக் கேட்டார். கால் மணி நேரம் அப்படியே நின்று கேட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குள் பேசுகிற குரலில், "இது எத்தனை நாளா நடக்கு, தெக்லா?" என்றார்.

"அவருக்கு ஒடம்பு சரியில்ல, அண்ணாச்சி."

"நான் கடலக் கேக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் தெக்லா.

சங்குமுனைக்குத் துறைமுகம் கிடையாது. வள்ளங்கள் திறந்த கடலிலிருந்து நேராகக் கரைக்கு வரவேண்டும். அங்கே மூன்று அலை வரிசையாக விழும்; மூன்றாவது அலை விழுகிற இடத்தில் எத்தனையோ வள்ளம் குப்புறக் கவிழ்ந்திருக்கிறது, வருஷத்துக்கு ரெண்டு பேரோ மூன்று பேரோ வீட்டு வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் செத்திருக்கிறார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தெக்லாவின் அண்ணன் சலேத்து அங்கேதான் போனான். அவனுடைய பெண்டாட்டி பிரகாசி கரையில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருக்க, அந்தக் கைக்கு எதிரே போனான். அவன் மகன் லிபோன்ஸ் இப்போது அதே கடலுக்குத்தான் போகிறான். கஸ்பாரும் ஒரு காலத்தில் போனவர்தான். முப்பது வயதில் ஒருதடவை வள்ளத்துக்கு அடியில் மாட்டி, மேலே வந்தபின் கடலுக்கு முகம் கொடுக்க முடியாமல் ஐஸ் கம்பெனிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து ஊரில் அவருக்குக் கரையாள் என்று கேலிப் பெயர்.

அந்தக் கரையாள் தூங்கும்போது கடல் நிற்கிறது என்று தெரிந்ததும், சங்குமுனை அதிசயப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை; அதற்கு ஏற்றாற்போல நடக்க ஆரம்பித்தது. வள்ளங்கள் மூன்றாம் அலைக்கு வெளியே வரிசையாக நின்று காத்திருக்கும். கஸ்பார் வீட்டு மாடிப்படியில் இன்னாசி என்கிறவர் பச்சைத் துணியோடு நிற்பார். உள்ளே மூச்சு நின்றதும் துணியைத் தூக்குவார். தட்டையான கடலில் ஒரு வள்ளமோ ரெண்டு வள்ளமோ கல்யாண ஊர்வலம் மாதிரி நிதானமாகக் கரை சேரும். மூச்சு வந்ததும் துணி இறங்கும். காலை ஏழு மணியிலிருந்து மத்தியானம் மூன்று மணி வரை ஊரில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது என்று கமிட்டி சொன்னது. பங்குச்சாமியார் கோயில் மணியின் நாக்கில் பழந்துணி சுற்றச் சொன்னார். ஏலம் விரல் சைகையில் நடந்தது. சேவல்களைப் பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். காக்கைகளுக்கு உத்தரவு போட முடியாததால் அவற்றை விரட்ட இரண்டு பெண்களை நியமித்தார்கள். சங்குமுனை விலக்கில் திரும்பும்போது பஸ் டிரைவர் ஹாரன் அடிக்காமல் திரும்பினார், உள்ளே இருந்தவர்களும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இந்த ஊருக்குப் பெண் கொடுக்கத் தயங்கியவர்களெல்லாம் ஜாதகம் இல்லாத குறையாக விசாரித்துக்கொண்டு வந்தார்கள். தை போய், மாசி போய், பங்குனி போய், சங்குமுனையில் ஒருவர்கூடக் கடலில் சாகவில்லை.

கஸ்பாரை எல்லோரும் கவனித்துக்கொண்டார்கள். நல்ல மீனில் முதல் துண்டு அவர் வீட்டுக்கு வந்தது. இலவம்பஞ்சு மெத்தை வந்தது. சாயங்காலம் அவர் தெருவில் நடந்தால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். சித்திரையில் ஒரு கல்யாண வீட்டில் அவர் இரண்டு டம்ளர் பிராந்தி குடித்துவிட்டு வந்து படுத்த காலையில் கடல் ஐம்பது எண்ணுகிற நேரம் நின்றதைக் கண்டுபிடித்தார்கள். மறுவாரத்திலிருந்து அவர் வேலை முடிந்து வரும்போது வாசல்படியில் ஒரு பாட்டில் இருந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

அவருடைய கழுத்து தடித்தது. வயிறு இறங்கியது. சாயங்காலமானால் பாதம் வீங்கி, செருப்பின் வார் பதிந்த தடம் வெகுநேரம் போகாமல் கிடந்தது. ஒருநாள் ஐஸ் மிஷின் முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டார், பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் விரல்கள் ஐஸோடு போயிருக்கும். மாடிப்படி நாலு ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெக்லா அவர் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். அது ஓடியது, தடுக்கியது, நின்று யோசித்தது, இரண்டு துடிப்பை ஒன்றாகத் துடித்தது.

வைகாசியில் தொம்மையும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். மிகுந்த மரியாதையோடு வந்தார்கள்.

"ஏம்மா தெக்லா, நீ அவர ஒருக்களிச்சுப் படுக்க வைக்கியாமே?"

"மூச்சு நின்னா திருப்பாம என்ன செய்யச் சொல்லுதிய?"

"திருப்பினா கடல் சட்டுனு வந்துருது. முந்தாநாள் ரெண்டு வள்ளம் நூலிழையில தப்பிச்சு. கடைசி வள்ளம் கரை ஏறுற வரைக்கும் கை வைக்காத. அவ்வளவுதான் கேக்கோம்."

"அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

தொம்மை துண்டை மடித்தார், பிரித்தார். "ஆகாதும்மா. தூங்குற மனுசனுக்கு என்ன ஆகும்? தூக்கம் நல்லதுதான?"

அவர்கள் போன பிறகு தெக்லா கஸ்பாரை ஒரு சொல்லும் சொல்லாமல் பஸ் ஏற்றித் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே செண்பகவல்லி என்று ஒரு டாக்டர் இருந்தார், நடுவயதுக்காரர், மூக்கின் நுனியில் கண்ணாடி. கஸ்பாரின் விரலில் ஒரு கிளிப்பையும் மூக்கின் கீழே ஒரு குழாயையும் மாட்டி ஒரு பகல் முழுக்கத் தூங்கவைத்தார். சாயங்காலம் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு மணி நேரத்துக்கு முப்பத்தெட்டுத் தடவை மூச்சு நிக்குது" என்றார்.

"கடலும் அப்பத்தான் நிக்குது டாக்டரம்மா" என்றாள் தெக்லா.

டாக்டர் அதையும் சீட்டில் ஓர் ஓரமாகக் குறித்துக்கொண்டார். "கடல் எதுக்கு நிக்குதுன்னு நான் படிக்கல. மூச்சு எதுக்கு நிக்குதுன்னு சொல்றேன். தூங்கும்போது இவருக்குத் தொண்டைச் சதை தளர்ந்து வழிய அடைக்குது. ரத்தத்துல காத்து குறையுது. குறைஞ்சதும் உடம்பு பயந்துபோய் இதயத்த அடிச்சு எழுப்புது. நமக்கெல்லாம் தூக்கத்துலதான் இதயம் கொஞ்சம் மெதுவா நடக்கும், பிரஷர் இறங்கும், அது இளைப்பாறுற நேரம் அதுதான். இவரோட இதயம் ஒரு தூக்கத்துல முந்நூறு தடவை அலறி எழுந்திரிக்குது. பதினாறு வருஷமா ராத்திரி வேலை வேற. மது வேற. இப்பவே தாளம் தப்புது."

தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ளும் மாஸ்க் ஒன்று இருக்கிறது, சின்ன மிஷின் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும், ஆஸ்பத்திரியிலிருந்தே தரலாம் என்றார். கஸ்பார் அதை வாங்க மறுத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். சங்குமுனை விலக்கு வரும்போது, "பதினாறு வருசம் ஆச்சு, தெக்லா" என்றார். "நான் நடந்து போனா சின்னப் பயக்ககூட கரையாள் போறான்னு சொல்லுவானுவ. இப்ப லிபோன்ஸ் வந்து என் காலத் தொட்டுக் கும்பிட்டுட்டுக் கடலுக்குப் போறான். மாமா, நீங்க இருக்கிய, பயம் இல்லங்கான். அத விட்டுட்டு நான் மூஞ்சில குழாய மாட்டிட்டுக் கெடக்கவா?"

"நீங்க செத்துப்போவிய."

"கடல்ல போறவன் எவனும் அதக் கேட்டுட்டா போறான்?"

வீட்டுக்கு வந்ததும் தெக்லா வாசலுக்கும் படுக்கைக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினாள். காலையில் அவர் தூங்கும்போது எண்ணினாள். அவர் வேலைக்குப் போன பிறகு, ஆள் இல்லாத படுக்கையைப் பார்த்துக்கொண்டும் எண்ணினாள். கண்ணை மூடினால் அந்த நேரம் பார்த்து மூச்சு நின்றுவிடும் என்று தோன்றியது. அடுப்பில் வைத்ததை மறந்தாள். மாவுக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தால் அவளுடைய நெஞ்சு தொண்டைக்கு ஏறிவந்து அடித்துக்கொண்டது.

ஆடி பிறந்தது. காற்று ஒரு வாரமாக ஊளையிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் கடல் பனைமட்டம் எழும்பியது. பதினான்கு வள்ளம் வெளியே நின்றன. இப்படிப்பட்ட நாளில் முன்பெல்லாம் வடக்கே மூன்று மணி நேரம் ஓடி வேறு துறையில் ஒதுங்குவார்கள். அன்றைக்கு யாரும் ஒதுங்கவில்லை, கஸ்பார் தூங்குவதற்காகக் காத்து நின்றார்கள். வாசல்படியில் இரண்டு பாட்டில் இருந்தன. தெக்லா ஒன்றை எடுத்து வடிகாலில் கவிழ்த்தாள். இன்னொன்றை அதற்குள் அவர் குடித்திருந்தார்.

எட்டரைக்கு மூச்சு நின்றது. கடல் உட்கார்ந்தது. மூன்று வள்ளம் வந்தன. மூச்சு வந்தது, கடல் எழுந்து இடித்தது. மறுபடி நின்றது. நாலு வள்ளம். ஒவ்வொரு தடவையும் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. ஒன்பதே காலுக்கு நின்றது, நின்றதுதான். ஊர் முழுக்க அப்படி ஒரு நிசப்தம் விழுந்தது. அதற்குள் மீதி வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன, கரையில் ஆட்கள் சிரித்துப் பேசுவது வீட்டுக்குள் கேட்டது. தெக்லா எண்ணினாள். நாற்பது. ஐம்பது. அறுபதில் கஸ்பாரின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆனது. நெஞ்சுக்கூடு எழும்புவதைக்கூட நிறுத்திவிட்டது.

"இன்னாசி அண்ணே! எழுப்பப் போறேன்!"

"தொடாத தெக்லா! இன்னும் ஒரு வள்ளம் உள்ள இருக்கு. மூணாம் அலைக்கு நேரா நிக்கி. மிஷின் அணைஞ்சுபோச்சு போல, துடுப்புப் போடுதானுவ!"

"யாரு வள்ளம்?"

"லிபோன்ஸ்" என்றார் இன்னாசி.

தெக்லாவின் இரண்டு கையும் கஸ்பாரின் தோளில் இருந்தன. அவள் எழுபது வரை எண்ணினாள். அண்ணன் மகனுக்காக அந்தப் பத்து எண்களையும் புருஷனின் மூச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதற்கு மேல் கொடுக்க அவளால் முடியவில்லை. அவள் அவரைப் புரட்டி, முதுகில் ஓங்கி அறைந்து, முடியைப் பிடித்துத் தலையைத் தூக்கி, "எந்திரிங்க! எந்திரிங்க!" என்று ஏழு மாதமாக அந்த ஊரில் யாரும் கத்தாத குரலில் கத்தினாள். அவர் தொண்டை திறந்தது. கதவு பெயர்ந்த மாதிரி ஒரு சத்தத்தோடு காற்று உள்ளே போனது. அதே கணம் கரையில் எல்லோரும் ஒன்றாக அலறினார்கள். நிறுத்தி வைத்திருந்த அத்தனை அலையும் ஒரே அலையாக விழுந்தது.

லிபோன்ஸைக் கயிறு கட்டி இழுத்தார்கள். உயிர் இருந்தது. வள்ளத்தின் விளிம்பு இடித்துத் தோள்பட்டை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது.

ஒரே வேனில்தான் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பக்கம் லிபோன்ஸ் முனகிக்கொண்டு கிடந்தான், மறுபக்கம் கஸ்பார் சாம்பல் நிறத்தில், நெஞ்சு பிடிபட்ட குருவி மாதிரி அடித்துக்கொள்ளக் கிடந்தார். நடுவில் முழங்காலும் முழங்காலும் இடிக்க பிரகாசியும் தெக்லாவும் உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியில் பிரகாசி கேட்டாள்.

"அவரா முழிச்சாரா? நீ எழுப்புனியா?"

தெக்லா அவள் கண்ணைப் பார்த்தாள். "நான்தான் எழுப்புனேன், மைனி."

"உள்ள இருந்தது லிபோன்ஸுன்னு தெரியுமா?"

"தெரியும்."

பிரகாசி மகனின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பிறகு அவள் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, வாரக்கணக்கில் பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடந்துபோனாள்.

நாலு நாள் கழித்துத் தொம்மை ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம் வைத்திருந்தார். மாஸ்க்கைப் பற்றி விசாரித்தார், மிஷினைத் தொட்டுப் பார்த்தார், பிறகு டாக்டரிடம் மெல்லக் கேட்டார்: "இத நாள் முழுக்க மாட்டணுமா? காலையில ஒரு ரெண்டு மணி நேரம் மட்டும் கழட்டி வெச்சா என்ன ஆகும்?"

"நீங்க ஒரு ரெண்டு நிமிஷம் மூச்ச நிறுத்திட்டு வந்து கேளுங்க" என்றார் டாக்டர்.

தொம்மை தெக்லாவைப் பார்த்தார். தெக்லா கஸ்பாரைப் பார்த்தாள். இதற்குப் பதிலை அவரே சொல்லவேண்டும், தான் சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கஸ்பார் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்குப் பயமா இருக்கு, தொம்மை. அன்னைக்கு வள்ளத்துக்கு அடியில கெடந்தேன் பாரு, இப்ப தூங்கும்போது தெனமும் அங்கதான் கெடக்கேன். வெளிய சொன்னா மறுபடி கரையாள்னு சொல்லுவியன்னு சொல்லல. சொல்லிக்கிடுங்க." அப்படிச் சொல்லிவிட்டு மாஸ்க்கைத் தானே எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கடல் நிற்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் கஸ்பார் பகல் வேலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். ராத்திரியில் மாஸ்க்கோடு படுத்தார். பாட்டிலை நிறுத்தினார். பாத வீக்கம் வடிந்தது. ஆனால் சங்குமுனைக்காரர்கள் அந்த ஏழு மாதத்தில் அலையை எண்ணுவதை மறந்துபோயிருந்தார்கள். எந்த அலைக்குப் பிறகு இடைவெளி வரும், எங்கே மிஷினை முறுக்கவேண்டும், எப்போது கயிற்றைக் கரைக்கு வீசவேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்ததெல்லாம் விட்டுப்போயிருந்தது; கமிட்டி கூடிப் பேசியும் அது திரும்பி வரவில்லை. கோயில் மணியின் துணியை அவிழ்த்தார்கள், சேவல்களைக் கொண்டுவந்தார்கள், வள்ளங்கள் வெளியே நின்று, பழக்க தோஷத்தில், கஸ்பார் வீட்டு மாடிப்படியைப் பார்த்தன. இரண்டு வள்ளம் உடைந்தன. இருபதாம் நாள் இன்னாசி செத்தார். பச்சைத் துணி தூக்குகிற வேலை போனதும் மறுபடி கடலுக்குப் போனவர், மூன்றாம் அலையில் போனார்.

துக்க வீட்டுக்குத் தெக்லா போனாள். வாசலில் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளை உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சவப்பெட்டியைத் தூக்குகிறவரைக்கும் அங்கேயே நின்றுவிட்டு, கடைசி ஆளாகக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள்.

கஸ்பாரை மறுபடி சோதிக்கக் கூட்டிப்போன நாளில் டாக்டர் செண்பகவல்லி அவருடைய இதயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார், தாளம் முக்கால்வாசி திரும்பிவிட்டது என்றார். பிறகு தெக்லாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே அவள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார். முள் ஏறிய இடத்தைப் பார்த்து, "நீ கடைசியா எப்பம்மா நல்லாத் தூங்கின?" என்றார்.

தெக்லா யோசித்தாள். "தை மாசம்."

"இவருக்குத் தூக்கத்துல மூச்சு நின்னுச்சு. உனக்குத் தூக்கமே நின்னுபோச்சு. ரெண்டும் போற வழி வேற, போய் உக்கார்ற எடம் இந்த நெஞ்சுதான்." மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இத முழுங்கு. ஆனா இது பாதிதான். மீதிய நீதான் தூங்கணும்."

தூங்குவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. படுத்தால் இன்னாசி படியில் நின்றார். கண்ணை மூடினால் எழுபதோடு எண்ணிக்கை நின்றது. எழுபத்தொன்று வரைக்கும் பொறுத்திருந்தால் லிபோன்ஸ் கரை சேர்ந்திருப்பானா, அறுபதிலேயே எழுப்பியிருந்தால் கஸ்பாரின் நெஞ்சு அவ்வளவு கெட்டிருக்காதா என்று இரண்டு பக்கமும் இழுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கஸ்பார் வேலையிலிருந்து வந்து, தானே சோற்றை வடித்து, ரசம் வைத்து, அவளைச் சாப்பிடச் சொல்லி, பாயை விரித்தார்.

"நீ படு. இன்னைக்கு நான் உக்காந்திருக்கேன்."

"மாஸ்க்கு?"

"அது எங்கயும் ஓடிப்போகாது. படுட்டி."

அவள் அவருக்காகப் படுத்தாள். அவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

கண் விழித்தபோது வெயில் சுவரில் பாதி ஏறியிருந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணி. பாயில் அவள் மட்டும் கிடந்தாள், வீட்டில் ஆள் இல்லை. வாரிச் சுருட்டி எழுந்து, முடிகூட முடியாமல், கால் மணலில் புதையப் புதையக் கரைக்கு ஓடினாள். கஸ்பார் அங்கே நின்றார். கணுக்கால் அளவு தண்ணீரில், பதினாறு வருஷமாக அவர் இறங்காத தண்ணீரில், கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரக் கேட்டு எந்திரிச்சு வந்திய? ராத்திரி தூங்குனியளா?"

"விடியக்காலம் நாலு மணி நேரம் மாட்டிட்டுப் படுத்தேன். நீ பதினாலு மணி நேரம் தூங்குன. குறட்டைகூட விட்ட."

அவள் கடலைப் பார்த்தாள். "கடல் நின்னுச்சா?"

"நிக்கல."

"உண்மையச் சொல்லுங்க."

"நிக்கலட்டி. முழிச்சிருந்த வரைக்கும் பாத்துட்டுதான் இருந்தேன். அதுபாட்டுக்கு வந்துட்டே இருந்திச்சு."

வெளியே மூன்று வள்ளம் காத்து நின்றன. கரையில் தொம்மை இடுப்பளவு தண்ணீரில் நின்று அலையை எண்ணிக்கொண்டிருந்தார், குரல் கம்மிப்போயிருந்தது. முதல் வள்ளத்திலிருந்து கயிறு வந்து விழுந்தது. அதைப் பிடிக்க ஆள் போதவில்லை. இன்னாசி செத்த பிறகு பெண்களும் கயிறு பிடிக்க வந்திருந்தார்கள். தோளில் இன்னும் கட்டு அவிழாத லிபோன்ஸ், இழுக்க முடியாமல், மணல்மேட்டில் நின்று, "அடுத்தது பெருசு! விடுங்க, விடுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"ஏம்மா தெக்லா" என்று தொம்மை திரும்பாமலேயே கூப்பிட்டார். "பின்னால ஒரு ஆள் கொறயுது."

தெக்லா சேலையை வரிந்து செருகிக்கொண்டு கயிற்றின் பின்பக்கத்துக்குப் போனாள். அங்கே ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது, பிரகாசியின் முதுகுக்குப் பின்னால். அவள் கயிற்றைப் பிடித்தாள். ஈரக் கயிறு உள்ளங்கையை அறுத்தது. கால் நழுவியது, மணல் அடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. அலை எழும்பி வந்து வள்ளத்தைத் தூக்கியபோது கயிறு விறைத்து, பிடித்திருந்த அத்தனை பேரையும் கடலை நோக்கி இரண்டு எட்டு இழுத்தது. தெக்லாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பிரகாசி தலையைத் திருப்பாமல், முன்னாலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"கால மண்ணுல குழிச்சு ஊணிக்க, தெக்லா. அடுத்த அலையில இழுக்கணும்."